சார்த்ரு பேராலயம்: கறுத்த சுவரைத் துலக்கியது முறைதானா?

வழிப்போக்கன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் பாரிசில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் காலையில் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயிலேறிச் சார்த்ரு நகருக்குப் போய் வந்தேன். பயணம் ஒரு மணி நேரம்தான். போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு நடுவே ரயில் ஓடிக்கொண்டிருக்கையில், ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் தெரிந்தன. ஒன்று எளிமையான கூம்பு. மற்றொன்று நுணுக்கமான கல் வேலைப்பாடுகள் நிறைந்தது. இரண்டுக்கும் உயரத்தில்கூட ஒற்றுமை இல்லை.

உள்ளே சென்றதும் எனக்கு ஒரு குழப்பம் ஏற்பட்டது. நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அந்த ஆலயத்தை இருட்டும் நீல ஒளியும் கலந்த இடமாகவே வருணித்திருந்தன. நான் கண்ட நடுக்கூடமோ, நேற்றுத்தான் சுண்ணம் பூசியதைப் போல இளமஞ்சளும் வெண்மையுமாகப் பளிச்சென்று இருந்தது. குறுக்குக்கூடத்தின் சுவர்கள் மட்டும் அப்போது கரி படிந்து கறுத்தே கிடந்தன. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடத்தில் வெகுநேரம் நின்றேன். கறுத்த பகுதியில் நின்றபோதுதான் சாளரங்கள் கூடுதலாக ஒளிர்ந்தன என்று என் கண்ணுக்குப் பட்டது. எண்ணூறு ஆண்டுப் பழமையான கட்டடத்தை இப்படித் துலக்குவது முறைதானா? கட்டடக் கலையும் வரலாறும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏடுபுரட்டி

நல்ல கேள்வி, நண்பரே. ஆனால் இதற்கு விடை சொல்லத் தொடங்கினால் நெருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனெனில் அந்த ஆலயத்தின் வரலாற்றை எழுதியதே நெருப்புத்தான்.

1020இல் ஒரு தீ விபத்து நேர்ந்தது. அதன் பிறகு ஆயர் ஃபுல்பெர்ட் எழுப்பிய ஆலயத்தின் நிலவறை இன்றும் தரைக்கடியில் இருக்கிறது. பிரான்சின் மிக நீளமான நிலவறைகளில் அதுவும் ஒன்று. 1134இல் ஊரைச் சூழ்ந்த தீ மேற்கு முகப்பைச் சேதப்படுத்தியது. அதையொட்டித்தான் இன்றைய மேற்குக் கோபுரங்களின் அடித்தளமும், 'அரச வாயில்' எனப்படும் மூன்று வாயில்களும் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாயின. பிறகு 1194 ஜூன் 10ஆம் நாள் இரவில் எழுந்த தீயில் ஃபுல்பெர்ட்டின் ஆலயம் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது. மேற்கு முகப்பும் நிலவறையும் மட்டுமே மிஞ்சின.

அன்று ஊரார் அழுதது கட்டடத்துக்காக மட்டும் அன்று. அன்னை மரியா அணிந்திருந்ததாக நம்பப்பட்ட ஒரு பட்டாடை 876இல் மன்னர் வழுக்கைச் சார்லசால் அந்த ஆலயத்துக்கு வழங்கப்பட்டிருந்தது. அதை வணங்குவதற்காகவே திருப்பயணிகள் வந்தார்கள். அவர்களை நம்பியே சந்தைகளும் சத்திரங்களும் பிழைத்தன. ஆடையும் எரிந்தது என்று ஊரே நினைத்துவிட்டது. மூன்றாம் நாள், நிலவறைக்குள் அடைபட்டிருந்த குருமார்கள் ஆடைப்பேழையுடன் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று அக்காலத்துப் பதிவு கூறுகிறது. அப்போது ஊரில் இருந்த திருத்தந்தையின் தூதர் கர்தினால் மெலியோர், இதைவிடப் பெரிய ஆலயத்தை அன்னை விரும்புகிறார் என்பதற்கு இதுவே அடையாளம் என்று மக்களிடம் பேசினார். ஆயரும், ஆலயத்தை நிருவகித்த குருக்களின் குழுவான குருமன்றத்தினரும் தங்கள் வருவாயின் பெரும்பகுதியை மூன்று ஆண்டுகளுக்குப் பணிக்கென ஒதுக்கினார்கள்.

வேலை நடந்த வேகத்தை எண்ணிப் பாருங்கள். 1220ஐ ஒட்டி வளைகூரைகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. அதாவது ஒரு தலைமுறைக்குள். 1260 அக்டோபர் 24 அன்று, மன்னர் ஒன்பதாம் லூயி முன்னிலையில் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. பல பேராலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இழுபட்டு, பாதியில் பாணி மாறிப்போன காலம் அது. சார்த்ருவின் உட்புறம் ஒரே மூச்சில் சொல்லி முடித்த வாக்கியத்தைப் போல இருப்பதற்கு அந்த வேகமே காரணம்.

கட்டடப்பொறி

ஏடுபுரட்டி ஐயா சொன்ன வேகத்துக்குப் பின்னால் ஒரு கட்டமைப்பு முடிவு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான் சுவரின் நிறம் பற்றிய பேச்சுக்கே பொருள் உண்டு என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன்.

கல்லால் ஆன வளைகூரை தன் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை; பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கூரை உயர உயர, அந்தத் தள்ளலைத் தாங்கும் இடமும் தரையிலிருந்து விலகி மேலே போகிறது. சார்த்ருவின் நடுக்கூடம் ஏறத்தாழ 37 மீட்டர் உயரமும், தூணுக்குத் தூண் 16 மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமும் உடையது. பழைய முறைப்படி என்றால் அவ்வளவு உயரத்துக்குத் தடித்த சுவர் வேண்டும். தடித்த சுவரில் பெரிய சாளரம் வைக்க இயலாது. ஆகவே கூர்வளைவுகளும் உயர்ந்த கூரையும் கொண்ட கோதிக் பாணியில் முன்பு எழுந்த ஆலயங்கள் பலவற்றில், பக்கக்கூடத்துக்கு மேலே இன்னொரு மாடக்கூடத்தைக் கட்டி, அதன் உதவியோடு நடுச்சுவரை நிறுத்தினார்கள். லான் பேராலயத்திலும் பாரிசின் நோத்ர் தாமிலும் அந்த மாடக்கூடத்தை இன்றும் காணலாம்.

சார்த்ருவின் தலைமைக் கொத்தர் அந்த மாடக்கூடத்தையே எடுத்துவிட்டார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஒருவரா பலரா என்பதிலும் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. மாடக்கூடத்துக்கு மாற்றாக, சாயும் பந்தலுக்கு வெளியிலிருந்து முட்டுக்கழி கொடுப்பதைப் போல, ஆலயத்துக்கு வெளியே கனத்த கல் தூண்களை எழுப்பி, அவற்றிலிருந்து பக்கக்கூடத்தின் கூரைக்கு மேலாக அந்தரத்தில் பாய்ந்து வந்து நடுச்சுவரை அணைக்கும் கல் வளைவுகளை அமைத்தார். பறக்கும் முட்டுவளைவு என்று நாம் சொல்வது இதுதான். இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே இதை நம்பிக் கட்டடம் முழுவதையும் வரைந்தார் என்பதே அவருடைய துணிவு. சார்த்ருவின் முட்டுவளைவுகளை வெளியே நின்று உற்றுப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கல் வளைவுகள்; அவற்றுக்கிடையே வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலக் குட்டையான தூண்கள். கைக்கு அடங்காத கனம். புதிய வழியில் முதல் அடி வைப்பவரின் எச்சரிக்கை அது. அவற்றுக்கு மேலே உள்ள மெல்லிய மூன்றாவது வளைவு பின்னர் சேர்க்கப்பட்டது என்பது பலருடைய கருத்து.

இதன் விளைவு உள்ளே தெரியும். நான்கு அடுக்காக இருந்த உட்சுவர் மூன்று அடுக்கானது: கீழே தூண் வரிசை, நடுவில் குறுகிய இடைவழி, மேலே சாளரம். மேல் சாளரம் ஏறக்குறைய கீழ்த் தூண் வரிசையின் உயரத்துக்கே வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலும் இரண்டு நீண்ட சாளரங்களும், அவற்றின் தலைமேல் ஒரு வட்டச் சாளரமும் சேர்ந்து, தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட இடத்தை முழுவதும் நிரப்புகின்றன. வளைகூரையும் எளிமையானது: ஆறு பகுதியாகப் பிரிந்த பழைய கூரை, வலுத்த தூணும் மெலிந்த தூணுமாக மாறி மாறி வேண்டும் என்று கேட்கும், சார்த்ருவின் நான்கு பகுதிக் கூரைக்கு எல்லாத் தூண்களும் ஒரே வலுவில் இருந்தால் போதும். அப்படியிருந்தும், தூண்களில் ஒன்று உருளையாகவும் அடுத்தது எண்கோணமாகவும் மாறி மாறி வருவது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். கட்டமைப்புக்குத் தேவைப்படாத பழைய தாளத்தை அந்தக் கைகள் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன.

சுருங்கச் சொன்னால், இந்தக் கட்டடம் சுவரைக் குறைத்துக் கண்ணாடியைக் கூட்டுவதற்காகவே இப்படிக் கட்டப்பட்டது.

ஒளிநிழல்

கட்டடப்பொறி ஐயா கடைசியாகச் சொன்ன வரியையே என் வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடிக்காகக் கட்டிய கட்டடத்தில், கண்ணாடியின் ஒளியைக் குறைக்கும் எதையும் செய்யக் கூடாது.

நான் முப்பது ஆண்டுகளாக ஒளிப்படம் எடுப்பவன். நம் கண் சூழலின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கியும் விரித்தும் கொள்கிறது. சுற்றிலும் இருண்ட சுவர் இருக்கும்போது பாவை விரிந்து, வண்ணக் கண்ணாடி வழியே வரும் சிறு ஒளியையும் நிறைவாக வாங்கிக்கொள்கிறது. சுவர் வெளுத்துவிட்டால் அது தன்மேல் விழும் ஒளியையெல்லாம் திருப்பி வீசும்; பாவை சுருங்கும்; அதே சாளரம் மங்கித் தெரியும். 2009இல் பீடப்பகுதியில் தொடங்கிய துலக்கும் பணிக்கு முன்னும் பின்னும் நான் அங்கே சென்றிருக்கிறேன். முன்பு தென்புறச் சுற்றுவழியில் 'அழகிய சாளர அன்னை' என்று அழைக்கப்படும் கண்ணாடியின் முன் நின்றபோது, அன்னையின் நீல ஆடை மட்டுமே இருட்டில் மிதந்தது. அந்த ஆலயத்தில் எத்தனையோ பேர் தங்களை மறந்து நின்றது அந்த இருட்டில்தான். அந்த அனுபவமும் ஒரு பாரம்பரியம் இல்லையா?

ஏடுபுரட்டி

ஒளிநிழல் ஐயாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. கண்ணைப் பற்றி அவர் சொன்னதை மறுக்கவும் மாட்டேன். ஆனால் அந்த இருட்டு யார் வைத்தது என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

13ஆம் நூற்றாண்டுக் கொத்தர்கள் உட்சுவரைக் கறுப்பாக விடவில்லை; வெறுங்கல்லாகவும் விடவில்லை. கரியை அகற்றியபோது அடியில் வெளிப்பட்டது காவி கலந்த இளமஞ்சள் பூச்சும், அதன்மேல் வெள்ளை நிறத்தில் வரைந்த கல் இணைப்புக் கோடுகளும்தான். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த வெள்ளைக் கோடுகள், பூச்சுக்கு அடியில் இருக்கும் உண்மையான கல் இணைப்புகளோடு பொருந்துவதில்லை. அருகிலுள்ள பெர்ஷேர் சுரங்கத்திலிருந்து வந்த சுண்ணாம்புக் கல் முரடானது, புள்ளிகளும் குழிகளும் நிறைந்தது. கற்களின் அளவும் ஒன்றுபோல் இல்லை. அதை மூடி, எல்லாக் கல்லும் ஒரே அளவில் அடுக்கப்பட்டதாகக் காட்டும் சீரான சுவரை அவர்கள் தூரிகையால் எழுப்பினார்கள். அவர்கள் கண்ட ஆலயம் அதுதான். நாம் வியந்த இருட்டு, பல நூற்றாண்டுகளின் மெழுகுதிரிப் புகையும் தூசும் பிற்காலத்து வெப்பமூட்டிகளின் கரியும் சேர்ந்து படிந்த படலம்.

இன்னொன்று. சாளரங்களும் அதே காலத்தில் அழுக்கேறின. பணியில் அவற்றையும் துலக்கி, வெளிப்புறத்தில் காப்புக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். மரச் சாம்பலைச் சேர்த்து உருக்கிய 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி மழைநீரில் மெல்ல அரிபடும் தன்மையுடையது என்பதால் அந்தக் காப்பு இன்றியமையாதது. துலக்கிய சாளரத்தின் வழியே முன்பைவிடக் கூடுதல் ஒளி வருகிறது. ஆகவே கறுத்த சுவரோடு அழுக்கான கண்ணாடியையும், துலக்கிய சுவரோடு துலக்கிய கண்ணாடியையும் ஒப்பிட வேண்டுமே தவிர, குறுக்கே ஒப்பிடக் கூடாது.

தேவமலர்

நான் கட்டடக் கலை படித்தவள் அல்லள், செபிக்கப் போனவள். என் பார்வையிலிருந்து சில வரிகள்.

சாளரங்களின் கீழ்ப்பகுதிகளைத்தான் நான் முதலில் பார்த்தேன், ஏனெனில் அவை என் கண்மட்டத்தில் இருந்தன. நோவாவின் கதை சொல்லும் சாளரத்தின் அடியில் தச்சர்களும், சக்கரம் செய்பவர்களும், பீப்பாய் செய்பவர்களும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நல்ல சமாரியன் சாளரத்தின் அடியில் செருப்புத் தைப்பவர்கள். மகதலா மரியாவின் சாளரத்தில் தண்ணீர் சுமப்பவர்கள். புனித செரோன் சாளரத்தில் கல் செதுக்குபவர்கள். பாதி முடிந்த அரசர் சிலையின் முன் அவர்கள் உளியோடு நிற்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், பீடத்துக்கு நேர் மேலே, ஆலயத்திலேயே மிக உயர்ந்த இடத்தில் இருக்கும் அன்னையின் சாளரத்துக்கு அடியில் ரொட்டிக் கூடை சுமக்கும் அடுமனைக்காரர்கள். உழைக்கும் மக்கள் தங்கள் காசைச் சேர்த்துக் கொடுத்த காணிக்கைகள் இவை என்று வழிகாட்டி சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. சுவர் மஞ்சளா கறுப்பா என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

என் வருத்தம் வேறு. வடபுறம் 'தூண் அன்னை' என்ற மரச்சிலை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதைக் கறுத்த அன்னை என்றே மக்கள் வணங்கினார்கள். பணிக்குப் பிறகு அன்னைக்கும் குழந்தைக்கும் வெளிறிய முகம் தீட்டப்பட்டிருந்தது. வேறு யாரோ அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஏடுபுரட்டி

சகோதரி, சாளரங்களைப் பற்றி ஒரு திருத்தத்தைத் தயக்கத்தோடு சொல்கிறேன். தொழில் குழுவினர் விரும்பிக் கொடுத்த காணிக்கைகள் என்ற விளக்கம் நீண்ட காலம் ஏற்கப்பட்டிருந்தது. இன்று பல ஆய்வாளர்கள் அதை ஐயுறுகிறார்கள். அந்தக் காலத்துச் சார்த்ருவில் ஊராருக்கும் குருமன்றத்துக்கும் வரி பற்றியும் ஆளுகை உரிமை பற்றியும் கடும் பூசல் இருந்தது. 1210இல் மக்கள் திரண்டு குருமன்றத் தலைவரின் வீட்டையே தாக்கினார்கள். அந்தத் தொழிலாளிகளின் உருவங்கள் அவர்கள் கொடுத்ததைக் காட்டுகின்றனவா, அல்லது அவர்கள் கொடுக்க வேண்டும் என்று குருமன்றத்தினர் விரும்பியதைக் காட்டுகின்றனவா என்பது இன்னும் தீராத வழக்கு. யார் பணம் கொடுத்திருந்தாலும், 13ஆம் நூற்றாண்டில் ரொட்டிக் கூடையை எப்படித் தூக்கினார்கள், உளியை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு இவற்றைவிட நெருக்கமான சாட்சி அரிது. அந்த மதிப்பு குறையாது.

கொடையாளர் யார் என்பதில் ஐயமே இல்லாத சாளரங்களும் உண்டு. வடக்கு ரோஜாச் சாளரத்தில் பிரான்சின் லில்லிப் பூவும் காஸ்தீலின் கோட்டையும் மாறி மாறி வருகின்றன. காஸ்தீல் அரச குடும்பத்தில் பிறந்தவரும் ஒன்பதாம் லூயியின் தாயுமான அரசி பிளான்ஷின் முத்திரை அது. தெற்கு ரோஜாவின் அடியிலும் த்ரு பிரபுவின் குடும்பத்தார் மண்டியிட்டிருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி இருக்கிறது: நான்கு பெரிய இறைவாக்கினர்களின் தோள்மேல், சிறுவர்களைப் போல நான்கு நற்செய்தியாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பெரியவர்களின் தோளில் ஏறி நிற்கும் குள்ளர்கள் நாம் என்று 12ஆம் நூற்றாண்டில் இதே பேராலயப் பள்ளியின் ஆசிரியர் பெர்னார்டு சொன்னதை, பின்னாளில் இங்கே ஆயராக இருந்த சாலிஸ்பரி யோவான் எழுதிவைத்தார். சாளரத்தை வரைந்தவர் அந்தச் சொல்லை நினைத்து வரைந்தாரா என்பதை நிறுவ முடியாது. ஆனால் அந்தச் சொல் பிறந்த ஊரில் அந்த உருவம் இருக்கிறது.

ஒளிநிழல்

தூண் அன்னை பற்றிச் சகோதரி எழுதியதே என் கவலையின் சாரம். 'மூல நிலை' என்று ஒரு நூற்றாண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளையெல்லாம் அழுக்கென்று துடைக்கும் உரிமையை யார் கொடுத்தது? அப்படியென்றால் 16ஆம் நூற்றாண்டில் ழான் தெக்சியே கட்டிய வடகோபுரக் கூம்பையும் இறக்கிவிடலாமே. 1506இல் இடி விழுந்து மரக்கூம்பு எரிந்த பிறகுதானே அது வந்தது.

கட்டடப்பொறி

கூம்பு ஒருவர் எண்ணிக் கட்டியது. கரி தானாகப் படிந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது, ஐயா. ஆனாலும் உங்கள் கேள்வியின் உட்பொருளை மதிக்கிறேன், ஏனெனில் சார்த்ருவில் முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் குருமன்றத்தினருக்குப் பீடப்பகுதி இருட்டாகத் தோன்றியது. 1763இல் 13ஆம் நூற்றாண்டின் கல் தடுப்பை இடித்தார்கள். தூண்களுக்குப் போலிப் பளிங்கு போர்த்தினார்கள். புதிய பளிங்குச் சிற்பத்தின்மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்று வண்ணச் சாளரங்கள் சிலவற்றை எடுத்துவிட்டு வெறுங்கண்ணாடி பொருத்தினார்கள். அவர்களும் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள். போன கண்ணாடி போனதுதான்.

அதே கட்டடம் மனிதரின் நல்ல நோக்கத்தால் பிழைத்ததும் உண்டு. 1836இல் கூரை வேலையின்போது பற்றிய தீயில், 'காடு' என்று அழைக்கப்பட்ட இடைக்காலத்து மரச் சட்டகம் முழுவதும் எரிந்தது. அடியில் இருந்த கல் வளைகூரை தாங்கி நின்றதால் உட்புறமும் சாளரங்களும் தப்பின. மரத்துக்கு மாற்றாக வார்ப்பிரும்புச் சட்டகமும் செப்புத் தகடும் வந்தன. இன்று தொலைவிலிருந்தே பச்சையாகத் தெரியும் கூரை அதுதான். 1939இல் போர் மூளும் வேளையில் சாளரங்கள் அனைத்தையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1944 ஆகஸ்ட் 16 அன்று, கோபுரத்தில் எதிரிகள் பதுங்கியிருக்கலாம் என்ற ஐயத்தில் பீரங்கித் தாக்குதல் நடக்கவிருந்தபோது, வெல்போர்ன் கிரிஃபித் என்ற அமெரிக்க அதிகாரி தாமே உள்ளே சென்று, எதிரிகள் இல்லை என்று உறுதிசெய்து தாக்குதலைத் தடுத்தார். அன்றே அருகிலிருந்த லேவ் என்ற இடத்தில் அவர் கொல்லப்பட்டார்.

என் முடிவு இது: சுவரைத் துலக்கியது சரி. அடியில் மூலப் பூச்சு இருந்தது, அதை வெளிக்கொணர்ந்தார்கள். சிலையைப் பொறுத்தவரை, அதுவும் முதலில் வெளிறிய முகத்தோடு இருந்து பின்னர் கறுத்தது என்பதே பணி செய்தவர்களின் விளக்கம். அது உண்மையாகவே இருந்தாலும், சுவரை யாரும் கும்பிடவில்லை, சிலையைக் கும்பிட்டார்கள். வழிபாட்டில் இருக்கும் உருவத்தின் முகத்தை மாற்றுமுன் வணங்குபவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். இந்த ஒன்றில் நான் தேவமலர் அம்மாவின் பக்கம்.

தேவமலர்

நன்றி, ஐயா. திருத்தத்துக்கும் நன்றி, ஏடுபுரட்டி ஐயா, வருத்தமில்லை. கட்டாயத்தால் கொடுத்திருந்தாலும் அந்தக் கூடை அவர்கள் தோளில்தானே இருந்தது.

வழிப்போக்கன்

இவ்வளவு விளக்கங்களை எதிர்பார்க்கவில்லை; அனைவருக்கும் நன்றி. மீண்டும் பாரிசுக்குச் செல்லும் வாய்ப்பு விரைவில் வருகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல், எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா? தரையில் பதித்த சுழல்வழியில், அதாவது வளைந்து வளைந்து நடுவுக்குச் செல்லும் வட்டப் பாதையில், நடக்கவும் விருப்பம். போன முறை அதன்மேல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

ஒளிநிழல்

சுழல்வழிக்கு வெள்ளிக்கிழமை செல்லுங்கள். தவக்காலம் தொடங்கி அனைத்துப் புனிதர் திருநாள் வரையிலான வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை அகற்றிவிடுவது வழக்கம். ஏறக்குறைய 13 மீட்டர் விட்டமுள்ள வட்டம்தான். ஆனால் பாதை வளைந்து வளைந்து 260 மீட்டருக்கு மேல் போகும். முன்னே நடப்பவர் மெதுவாக நடந்தால் நீங்களும் மெதுவாக நடங்கள், முந்த வேண்டாம்.

பிறகு மேற்கு வாயிலுக்கு மேலே உள்ள மூன்று நீண்ட சாளரங்களைப் பாருங்கள். 1194 தீக்கு முற்பட்டவை அவை. வலப்பக்கத்தில் இருப்பது ஈசாயின் மரம், அதாவது இயேசுவின் முன்னோர் வரிசையை மரமாகக் காட்டும் சாளரம். மாலை வெயில் நேரே அவற்றின்மேல் விழும். 12ஆம் நூற்றாண்டின் நீலத்துக்கும் 13ஆம் நூற்றாண்டின் நீலத்துக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் விளங்கும், முன்னது வெளிர்ந்தது, வானத்தை ஒத்தது, பின்னது அடர்ந்தது. ஒரு சிறிய தொலைநோக்கி கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், ஈயப்பட்டைகளுக்கு நடுவே தீட்டிய முகங்களின் கோடுகள் வெறுங்கண்ணுக்கு எட்டாது. சூரியன் இறங்கும் வேளையில் திரும்பி நின்று, அந்த நீலம் துலக்கிய தூணின்மேல் விழுவதையும் பாருங்கள். கறுத்த தூணின்மேல் அது விழுந்து நான் ஒருபோதும் பார்த்ததில்லை. கரி அதை விழுங்கிவிடும். சுவரைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.